கறுப்பின எழுத்தாளர்களின் எதிர்காலக் கதைகளில் ஏன் எப்போதும் அடிமைத்தனமும் இனவெறியும்? விண்வெளிக்குப் போன பிறகுமா இந்தப் புலம்பல்?

கேள்வியில் அந்தப் 'புலம்பல்' இல்லாவிட்டால் தாண்டிப் போயிருப்பேன். நீங்கள் அநேகமாக 2018-இல் வந்த 'பிளாக் பாந்தர்' படம் வழியாக இந்தப் பக்கம் வந்தவராக இருப்பீர்கள். அதன் பளபளப்பு பிடித்துப்போய் அடுத்து அமெரிக்கக் கறுப்பின அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆக்டேவியா பட்லரின் நாவல் ஒன்றை எடுத்து, பாதியில் மனசு கனத்து மூடி வைத்திருப்பீர்கள். அதில் தப்பில்லை. ஆனால் மூடி வைத்ததற்கு எழுதியவரைக் குறை சொல்கிறீர்கள், அங்கேதான் எனக்குச் சண்டை.

'அவர்களைப் பற்றிப் பேச உனக்கென்ன தகுதி' என்று பின்னூட்டத்தில் வரப்போகிறவர்களுக்கு: ஒரு தகுதியும் இல்லை. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். படிப்பேன், அவ்வப்போது மொழிபெயர்ப்பேன். அப்படி மொழிபெயர்த்த ஒரு கதைக்கு என்ன ஆனது என்று சொன்னால் உங்கள் கேள்விக்கும் பதில் வந்துவிடும்.

அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் 1920-இல் தம் 'டார்க்வாட்டர்' நூலில் சேர்த்த கதை, 'தி காமெட்'. கறுப்பினத்தவரின் இந்த எதிர்காலக் கற்பனைக்கு மார்க் டெரி என்ற விமர்சகர் 'ஆஃப்ரோஃப்யூச்சரிசம்' என்று பெயர் வைத்தது 1990-களின் தொடக்கத்தில். கதை அதற்கு எழுபது ஆண்டு மூத்தது.

ஜிம் நியூயார்க்கில் ஒரு வங்கியில் தகவல் கொண்டுபோகும் ஆள். கறுப்பர். பழைய ஆவணங்களை எடுக்க அவனை அடித்தள நிலவறைக்கு அனுப்புகிறார்கள். மதிப்புள்ள ஆட்களை அனுப்ப முடியாத அளவு ஆபத்தான இடம், அதனால் இவன். எங்கள் கிளையிலும் ரெக்கார்டு ரூம் உண்டு. கரையான், எலிப்புழுக்கை, ஒரு குண்டு பல்பு. பழைய லெட்ஜர் வேண்டுமென்றால் உள்ளே போவது சப்-ஸ்டாஃப்தான். மேனேஜர் போய் நான் பார்த்ததில்லை. முதல் பக்கத்திலேயே கதை என்னைப் பிடித்துக்கொண்டது.

அவன் கீழே இருக்கும்போது வால்நட்சத்திரத்தின் விஷவாயுவில் மேலே ஊரே செத்துவிடுகிறது. பிணங்களுக்கு நடுவே நடந்து ஒரு பெரிய உணவகத்துக்குள் போய்த் தானே எடுத்துச் சாப்பிடுகிறான். நேற்றுவரை அங்கே அவனுக்குப் பரிமாறியிருக்க மாட்டார்கள். அப்புறம் ஜூலியா என்ற பணக்கார வெள்ளைப் பெண் உயிரோடு கிடைக்கிறாள். புகைப்படம் கழுவும் இருட்டறையில் இருந்ததால் தப்பித்தவள். கறுப்பர்கள் வாழும் ஹார்லெம் பகுதியில் அவன் வீட்டாரைத் தேடுகிறார்கள், பிறகு அவள் அப்பாவை. யாரும் இல்லை. இரவில் ஓர் உயரமான கட்டடத்தின் மொட்டைமாடியில், உலகத்தில் மிச்சம் நாம் இருவர்தான் என்ற நினைப்பில், நிறமும் அந்தஸ்தும் உதிர்ந்து ஒருவரையொருவர் பார்க்கிறார்கள்.

அந்த நேரத்தில் கீழே கார் ஹாரன். செத்தது நியூயார்க் மட்டும்தான். வெளியூரில் இருந்த அப்பாவும் அவளை மணக்கவிருந்தவனும் வந்துவிட்டார்கள். இவன் அவளிடம் தப்பாக நடந்துகொண்டானா என்பதுதான் மணக்கவிருந்தவனுக்குக் கவலை. காப்பாற்றியவன் இவன்தான் என்கிறாள் ஜூலியா. ஆனால் அதன்பின் நிமிர்ந்துகூட அவனைப் பார்ப்பதில்லை. அப்பா அவன் கையில் பணத்தைத் திணிக்கிறார். கூட்டத்தில் ஒருவன் அடித்துக் கொல்லலாம் என்கிறான், அவளைக் காப்பாற்றியவன் என்று இன்னொருவன் அடக்குகிறான். கடைசியில் ஜிம்மின் மனைவி வருகிறாள், செத்த குழந்தையை ஏந்திக்கொண்டு. டு பாய்ஸின் சொந்த மகன் 1899-இல் அட்லாண்டாவில் குழந்தைப் பருவத்திலேயே இறந்தவன். அந்தப் பக்கத்தைத் தமிழில் எழுதும்போது எனக்குக் கை ஓடவில்லை.

ஒரு சிறுபத்திரிகைக்கு அனுப்பினேன். ஆசிரியர் போன் செய்தார். "மேடம், மொட்டைமாடியோட முடிச்சிடலாமே? கதை அங்கேயே முழுசாயிடுது. அதுக்கப்புறம் வர்றது பிரச்சாரம் மாதிரி இருக்கு." மாட்டேன் என்றேன். 1919-இல் அமெரிக்க நகரம் நகரமாகக் கறுப்பர்களைத் தாக்கிய கலவரங்கள் நடந்தன, அடுத்த ஆண்டு வந்த கதை இது, கடைசிப் பக்கங்களுக்காகத்தான் முன்னால் உள்ளதே எழுதப்பட்டிருக்கிறது என்று விளக்கினேன். சரி சரி என்றார். இதழ் வந்தது. மொட்டைமாடியோடு முடிந்திருந்தது. அடுத்த இதழில் ஒரு வாசகர் கடிதம், 'இனம் கடந்த காதலின் வெற்றி' என்று பாராட்டி!

சார், நீங்கள் கேட்பதும் அந்த ஆசிரியர் செய்ததும் ஒன்றுதான். உலகம் அழியட்டும், ராக்கெட் பறக்கட்டும், கடைசி இரண்டு பக்கம் மட்டும் வேண்டாம்.

யோசித்துப் பாருங்கள். வழக்கமான டிஸ்டோபியாவில், அதாவது கொடுமையான எதிர்காலத்தைக் காட்டும் கதையில், நம்மை நடுங்க வைப்பது எது? பெயரைப் பிடுங்குவது, படிக்கத் தடை, பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிப்பது, அனுமதிச் சீட்டு இல்லாமல் நடமாட முடியாதது. 1865-க்கு முன் அமெரிக்கத் தெற்கு மாநிலங்களில் இதெல்லாம் அன்றாடம் நடந்தது, பலவற்றுக்குச் சட்டமே இருந்தது. மார்கரெட் அட்வுட்டின் 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' (1985) இந்தக் கொடுமைகளை வெள்ளைப் பெண்களுக்கு நடப்பதாகக் காட்டுகிறது. கறுப்பர்களையோ வேறு இடத்துக்கு அனுப்பியாகிவிட்டது என்று டிவி செய்தியில் முடித்துவிடுகிறது. நல்ல நாவல்தான், அட்வுட் ரசிகர்கள் அடிக்க வராதீர்கள். அதை யாரும் புலம்பல் என்பதில்லை, எச்சரிக்கை என்கிறோம். அதே சரக்கை உரியவர்கள் எடுத்து எழுதினால் புலம்பல்.

பட்லர் 1993-இல் எழுதிய 'பேரபிள் ஆஃப் தி சோவர்' 2024-இல் தொடங்குகிறது. தண்ணீர் காசுக்கு விற்கிறது, தெருவைச் சுற்றி மதில் கட்டிக்கொண்டு வாழ்கிறார்கள். கடலோர ஊர் ஒன்றை ஒரு கம்பெனி வாங்கி, வேலையும் வீடும் கொடுத்து, மெல்ல மெல்லக் கடனில் ஆளைக் கட்டிப்போடுகிறது. பட்லர் இதை வானத்திலிருந்து பிடிக்கவில்லை. அடிமைமுறை ஒழிந்தபின் குத்தகை விவசாயத்தில் நிலக்காரரின் கடைக்கணக்கு கறுப்பர்களைக் கட்டிப்போட்டது இப்படித்தான். அவருடைய அம்மா வீட்டுவேலை செய்தவர், பின்வாசல் வழியாகப் போய் வந்தவர்.

'வெறும் கதையாக எழுதலாமே' என்பீர்கள். எழுதினால் விட்டார்களா? கறுப்பின எழுத்தாளர் சாமுவேல் டிலேனியின் 'நோவா' (1968) விண்வெளிச் சாகசம், நாயகன் கலப்பினக் கறுப்பன். 'அனலாக்' என்ற அறிவியல் புனைகதை இதழில் தொடராக வெளியிடக் கேட்டபோது ஆசிரியர் ஜான் கேம்ப்பெல் மறுத்துவிட்டார். கறுப்பு நாயகனோடு தம் வாசகர்கள் ஒட்டமாட்டார்கள் என்று சொன்னாராம். டிலேனியே இதைக் கட்டுரையில் எழுதியிருக்கிறார். கேம்ப்பெல் பெயரில் வழங்கிய விருதுக்கு 2019-இல்தான் பெயரை மாற்றினார்கள்.

எல்லாக் கதையும் சோகம் என்று சொல்லவில்லை. சன் ரா அலபாமாவில் பிறந்துவிட்டு, நான் சனி கிரகத்துக்காரன் என்று கடைசிவரை சாதித்த இசைக்காரர், கொண்டாட்டம் தவிர வேறென்ன. மோசமான கதைகளும் இருக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். என். கே. ஜெமிசினின் முப்பாகத் தொடர் 2016, 2017, 2018 என்று அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருதை வரிசையாக மூன்று முறை வாங்கியது. எனக்கு நடுப்பாகம் இழுவை. இதைச் சொன்னதற்கும் திட்டு வரும்.

அந்தப் பத்திரிகை விஷயம் இன்னும் முடியவில்லை. சன்மானம் கிடையாது என்பது தெரிந்ததுதான். இதழ் ஒரு பிரதி அனுப்பக்கூடாதா? நானே காசு கொடுத்து வாங்கித்தான் வெட்டு விழுந்ததைப் பார்த்தேன். பொருளடக்கத்தில் டு பாய்ஸ் பெயர் மட்டும், என் பெயர் கதைக்கடியில் எறும்பு எழுத்தில். மொழிபெயர்ப்பாளர் என்றால் சமையல்கட்டோடு நிற்கவேண்டியவர் என்று ஓர் எண்ணம். இதைப் பற்றித் தனிக் கேள்வி கேளுங்கள், விரிவாகவே எழுதுகிறேன்.

திரும்பவும் தொடங்குவதாக இருந்தால் பட்லரின் 'கிண்ட்ரெட்' (1979) எடுங்கள். 1976-இல் கலிஃபோர்னியாவில் இருக்கும் கறுப்பினப் பெண்ணை மேரிலாண்டின் அடிமைப் பண்ணைக்குக் காலம் இழுத்துப்போகிறது. அவளுக்கு ஒரு கை போய்விடும். முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறார்கள், அதனால் சஸ்பென்ஸைக் கெடுத்தேன் என்று சண்டைக்கு வராதீர்கள்.