கட்டிய கடனும் கிழிக்காத சீட்டும்

அன்புள்ள ஐயா,

சுங்கை சிப்புட்டில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கி ஓராண்டு ஆகிறது. தீர்ப்பு வழங்குபவர் சாட்சியத்தை மட்டும் பார்த்தால் போதுமா, தம் மனசாட்சியையும் கேட்க வேண்டுமா? பாண்டிய மன்னன் மனசாட்சிக்காக உயிரையே விட்டான். என் அனுபவத்தில் சட்டத்துக்கு மனசாட்சி கிடையாது. 1995இல் நம் மலேசியாவில், பொதுமக்களே அமர்ந்து தீர்ப்புச் சொல்லும் ஜூரி முறையை ஒழித்தபோது, இருந்த கொஞ்சமும் போய்விட்டது.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

சென்ற வாரம் அம்மாவுக்குத் திதி கொடுத்துவிட்டு வந்துதான் உங்கள் கடிதத்தைப் படித்தேன். சில நாட்களாகவே ஒரு பழைய கடைச் சீட்டின் நினைவு என்னை விடாமல் பிடித்திருந்ததால் உடனே எழுதுகிறேன். ஜூரியைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம். பாண்டியனையும் விட்டுவிடுங்கள்; கோவலனை அழைத்து ஒரு வார்த்தை விசாரிக்காதவன் பின்னால் உயிரை விட்டு யாருக்கு என்ன பயன்?

ஆனால் சட்டத்துக்கு மனசாட்சி கிடையாது என்று ஒரு வழக்கறிஞர் எழுதுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. தேர்வுக்காக நீங்கள் படித்த ஈக்விட்டி, அதாவது கறாரான பொதுச் சட்டத்தின் அநியாயத்தைத் திருத்த வந்த நியாய விதிகள், முழுவதும் மனசாட்சி என்ற அந்த ஒரு சொல்லிலிருந்து வளர்ந்ததுதானே? முத்திரையிட்ட பத்திரத்தின் பேரில் வாங்கிய கடனைத் தீர்த்தவன், பத்திரத்தைத் திரும்ப வாங்காமல் விட்டுவிட்டால், பழைய இங்கிலாந்தின் பொதுச் சட்ட நீதிமன்றம் அவனை மறுபடியும் கட்ட வைத்தது. அப்படி மாட்டிக்கொண்டவர்கள் மன்னரின் உயர் அதிகாரியான சான்சலரிடம் ஓடினார்கள். அவர் பத்திரம் வைத்திருந்தவனை அழைத்து, சத்தியம் வாங்கி, பணம் உன் கைக்கு வந்ததா என்று கேட்டார்; வந்திருந்தால், இன்னொரு முறை கேட்பது மனசாட்சிக்கு அடுக்காது என்று தடுத்தார். அங்கே விசாரிக்கப்பட்டது காகிதத்தைக் கையில் வைத்திருந்தவனின் மனசாட்சி, தம்பி. நீங்களோ நீதிபதியின் மனசாட்சியைத் தேடுகிறீர்கள். அதை மட்டும் நம்பினால், சான்சலரின் பாதத்தையே ஓர் அடி என்று வைத்து அளப்பதுபோல் ஆளுக்கு ஆள் அளவு மாறும் என்று 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேயச் சட்ட அறிஞர் ஜான் செல்டன் கண்டித்துவிட்டார். நம் நாட்டின் 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 3ஆவது பிரிவைத் திறந்து பாருங்கள்: பொதுச் சட்டமும் ஈக்விட்டியும் முரண்பட்டால் ஈக்விட்டியின் விதியே செல்லும். அந்தப் பிரிவு இருப்பது அன்று எங்கள் லயத்தில் ஒருவருக்கும் தெரியாது.

அப்பா பால்மரம் வெட்டியவர். தோட்டத்துக் கடையில் பற்று வைத்துத்தான் எங்கள் வீட்டுக்கு அரிசியும் சர்டினும் வரும். தீபாவளிக்கு முன் 180 வெள்ளியையும் ஒரே தடவையில் கட்டினார். நான் பக்கத்தில் நின்றேன். கடன் சீட்டை நாளைக்குத் தருகிறேன் என்றார் கடைக்காரர். தை பிறக்குமுன் அப்பா இறந்துபோனார். கருமாதி முடிந்த மறுநாள் அதே சீட்டு, ஊதா மையில் அப்பாவின் பெருவிரல் ரேகையோடு, எங்கள் வாசலுக்கு வந்தது. நீ எழுதியதா, இது யார் ரேகை என்றெல்லாம் அம்மாவைக் கேட்டவர்கள் இருந்தார்கள். பணம் உன் கைக்கு வந்ததா என்று கடைக்காரரைக் கேட்க ஒருவரும் இல்லை. எட்டு வயதுப் பையனின் பேச்சு எடுபடவில்லை.

மாதம் 15 வெள்ளியாக அம்மா மறுபடியும் கட்டினார். பன்னிரண்டாவது மாதம் சீட்டைக் கேட்டு வாங்கி, ரேகை இருந்த மூலையை மட்டும் பக்குவமாகக் கிழித்து முந்தானையில் முடிந்துகொண்டு, மீதியைக் கடை வாசலிலேயே சுக்குநூறாகக் கிழித்துப் போட்டார்.