பழைய பாய்மரப் படகுக்கு ஃபைபர் போடலாமா?

கேள்வி: தொண்டிப் பக்கம் 14 அடி மரப் பாய்மரப் படகு ஒன்றைப் பழசாக வாங்கி, மதுரை திருநகரில் வீட்டுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். வெயிலில் பலகைகள் விலகி, உள்ளிருந்து பார்த்தால் வெளிச்சம் தெரிகிறது. அடிப்பகுதி முழுக்க ஃபைபர் போட்டு மேலே பெயின்ட் அடித்தால் ஆயுசுக்கும் கவலையில்லை என்கிறார் ஒரு காண்ட்ராக்டர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். அட்வான்ஸ் கொடுத்திருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள்.

வெளிச்சம் தெரிவதாலேயே படகு கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. காய்ந்த பலகை சுருங்கும். தண்ணீரில் ஊறினால் உப்பி, இடுக்கை அடைத்துக்கொள்ளும். அதன்மேல் ஃபைபரைப் போர்த்தினால் மரம் அசையும், ஃபைபர் அசையாது. இந்தக் காண்ட்ராக்டர்கள் ஃபைபர் துணியை ஒட்டப் பூசும் மலிவான பாலியஸ்டர் ரெசின் என்ற பசை பழைய மரத்தில் நெடுநாள் பிடித்து நிற்காது. ஓரிடத்தில் விட்டுப்போனால் போதும், உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் பலகை உளுத்துப்போகும். மேலே மட்டும் பளபளவென்று இருக்கும். சதுர அடிக்கு இவ்வளவு என்று காசு வாங்கியவர் அப்போது போனை எடுக்க மாட்டார்.

பிளைவுட் படகாக இருந்தால் கதை வேறு. ஓரத்தைச் சுரண்டிப் பாருங்கள். அடுக்கடுக்காகத் தெரிந்தால் அது பிளைவுட். அது அவ்வளவாகச் சுருங்கி விரியாது என்பதால் ஃபைபர் துணி தாங்கும், அதுவும் எப்பாக்சிப் பசையில் ஒட்டினால்தான். ஷீட் மாற்ற வேண்டுமென்றால் படகு வேலைக்கான மெரைன் பிளைவுட்டின் இந்தியத் தரக்குறியான ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து வாங்குங்கள். சாதாரண உபயோகத்துக்கான ஐ.எஸ். 303 ஷீட்டைக் காட்டி 'இதுவும் வாட்டர் ப்ரூஃப்தான் சார்' என்பார்கள். நம்பாதீர்கள். 710 தரத்துக்கான சோதனையே 72 மணி நேரம் கொதிநீரில் போடுவதுதான். ஒரு துண்டு கேட்டு வாங்கி வீட்டில் கொதிக்கவிட்டுப் பாருங்கள்; சில மணி நேரத்திலேயே அடுக்கு பிரிந்தால் போலி. இதையெல்லாம் கண்காணிக்க வேண்டியவர்கள் எல்லாக் கடையையும் எப்போதும் எட்டிப் பார்ப்பதில்லை, அதனால் வாங்குகிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சரி, உங்கள் பலகைப் படகுக்கு வருவோம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். நனைத்தாலும் கிழியாத வாட்டர் பேப்பர் உப்புத்தாளை நனைத்துத் தேயுங்கள், மாஸ்க் போடுங்கள், பிள்ளைகளை அண்டவிடாதீர்கள். பிறகு கூரான ஸ்க்ரூடிரைவரால், ஏராவை (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக் கட்டை) ஒட்டிய பலகையில் அங்குலம் அங்குலமாகக் குத்திப் பாருங்கள். 'டக்'கென்று நின்றால் நல்ல மரம். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் அந்தப் பலகையை மாற்றத்தான் வேண்டும். பச்சை மரத்தைத் தலையில் கட்டிவிடுவார்கள், நன்றாகக் காய்ந்த அயினி மரமாகக் கேளுங்கள். பழுப்புக் கறை வழிந்திருக்கும் இடங்களில் இரும்பு ஆணி துருப்பிடித்திருக்கும், அதையும் மாற்றுங்கள்.

இடுக்குகளில் பஞ்சுத் திரியை லேசாகத் தட்டி வைத்தால் போதும். காய்ந்த படகில் இறுக்கி அடித்தால், ஊறும்போது பலகை ஆணியைப் பிய்த்துக்கொண்டு வரும். திரிக்கு மேல் இடுக்கை அடைக்க எம்-சீல், சுவர்ப் பட்டி இரண்டும் கூடாது, கல்லாக இறுகிவிடும். ஆளிவிதை எண்ணெயில் பிசைந்த சாக் பவுடர் பட்டி இளக்கம் கொடுக்கும்.

பெயின்ட் விஷயத்தில் குழம்ப வேண்டாம். மரத்துக்கான பிரைமர், மேலே சாதாரண சிந்தடிக் எனாமல், மெல்லிசாக மூன்று கோட். இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் டூ-பேக் பெயின்ட் பலகைப் படகில் வெடிப்பு விடும். தை, மாசியில் பனி உலர்ந்த பிறகு நிழலில் அடியுங்கள். சித்திரை வெயிலில் பெயின்ட் கொப்புளிக்கும், ஆடிக் காற்றில் புழுதி ஒட்டும்.

பெயின்ட் நன்றாகக் காய்ந்ததும் படகுக்குள் ஈரச் சாக்கு விரித்து ஒரு வாரம் நனைத்துவாருங்கள். கண்மாயிலோ வைகை அணையிலோ விடுவதானால் முன்பே எழுத்தில் அனுமதி கேளுங்கள். எந்த மேசையில் மனு கொடுப்பது என்று கேட்டே பாதி நாள் போய்விடும். இறக்கிய முதல் நாள் தண்ணீர் கசியும், இறைத்துக்கொண்டே இருங்கள். மூன்றாம் நாளும் ஒரே இடத்தில் ஒழுகினால், அந்த இடுக்கை மட்டும் பிரித்துத் திரியை மாற்றுங்கள்.