பழைய அலுமினியப் படகுக்குப் பணத்தை எங்கே செலவிடுவது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பல ஆண்டுகளாக ஒருவருடைய பின்வளவில் கிடந்த 14 அடி அலுமினியப் படகொன்றை மலிவாக வாங்கியிருக்கிறேன். முழுவதும் ரிவெட் (தகடுகளை இணைக்கும் தலையுள்ள உலோக ஆணி) அடித்துச் செய்யப்பட்ட படகு. பெயின்ட் உரிந்திருக்கிறது. எஞ்சின் மாட்டும் பின்பலகை விரலால் அழுத்தினாலே அமுங்குகிறது. ஏரியில் இறக்கிப் பார்த்தபோது அரை மணி நேரத்துக்குள் கால் நனையும் அளவுக்குத் தண்ணீர் ஏறிவிட்டது. அடுத்த கோடையில் பிள்ளைகளை சிம்கோ ஏரிக்கு மீன்பிடிக்க அழைத்துப் போக விரும்புகிறேன். நல்ல பெயின்டாக அடித்து, உட்பக்கம் முழுவதும் சிலிக்கனோ கூரைத் தாரோ பூசிவிட்டால் போதும் என்கிறார் நண்பர். கையில் அதிகம் பணம் இல்லை. எதிலிருந்து தொடங்கலாம்?
– வாசகர், ஸ்காபரோ

பதில்: பெயின்டைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள், பணம் போதாவிட்டால் அதை விட்டுவிட்டாலும் குற்றமில்லை. அலுமினியம் காற்றுப் பட்டவுடன் தன்மேல் மெல்லிய ஆக்சைடுப் படலம் ஒன்றை உண்டாக்கித் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் உலோகம். ஏரிகளில் ஓடும் படகு பெயின்ட் இல்லாமலே பல்லாண்டு உழைக்கும். பின்பலகையும் ரிவெட்டுகளும் இருக்கையின் கீழுள்ள ஃபோமும் பழுதாக இருக்கும் படகோ, எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் பிள்ளைகளை ஏற்றத் தகுந்ததன்று. உங்கள் பணம் இந்த மூன்றுக்குத்தான் முதலில் போக வேண்டும்.

ஒழுக்கைக் கண்டுபிடிக்கப் படகைத் தண்ணீரில் இறக்க வேண்டாம். தண்ணீரைப் படகுக்குள் ஊற்றுங்கள். டிரெய்லர் மீதோ மரக்கட்டைகள் மீதோ படகை வைத்து, நடுப்பகுதிக்கும் முட்டுக் கொடுத்து, வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்து உலரவிட்ட பிறகு, சுமார் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். அந்த அளவே சில நூறு கிலோ எடை வரும் என்பதால், அதற்கு மேல் நிரப்பினால் அடித்தகடு வளைந்துவிடக்கூடும். பிறகு கீழே குனிந்து, துளி திரளும் ஒவ்வொரு இடத்தையும் மார்க்கர் பேனாவால் வட்டமிடுங்கள். தண்ணீர் வடிகிற துளையின் மூடியையும் அதைச் சுற்றியுள்ள குழாயையும் மறவாமல் பாருங்கள். ரிவெட்டுகள் மீது பழி விழுகிற பல படகுகளில் உண்மையான ஒழுக்கு அங்கேதான் இருக்கும்.

தளர்ந்த ரிவெட்டைக் கண்ணாலும் அடையாளம் காணலாம். தலையைச் சுற்றிக் கரும்பொடி படிந்து, தண்ணீர் ஓடும் திசையில் புகைக்கோடு போல நீண்டிருந்தால், அந்த ரிவெட் துளைக்குள் ஆடி உராய்கிறது என்று பொருள். விமான மெக்கானிக்குகள் நெடுங்காலமாகப் பார்க்கும் அடையாளம் இது. படகுகளுக்கும் இது பொருந்துவதில் வியப்பில்லை. கிரம்மன் என்ற அமெரிக்க விமான நிறுவனம் இரண்டாம் உலகப் போரின் முடிவில், 1945இல், அலுமினியக் கனூக்களைச் செய்யத் தொடங்கியபோது, விமானத் தகடுகளை இணைத்த அதே ரிவெட் முறையையே பயன்படுத்தியது.

தளர்ந்த ரிவெட்டுகளில் பெரும்பாலானவற்றைக் கழற்றத் தேவையில்லை. மீண்டும் இறுக்கினால் போதும். அதற்கு இருவர் வேண்டும். ஒருவர் கனமான இரும்புக் கட்டையை வெளிப்பக்கத்து ரிவெட் தலையோடு அழுத்திப் பிடிக்க, மற்றவர் உட்பக்கத்து வால் முனையைச் சுத்தியலால் அளவாக அடிக்க வேண்டும். ஓங்கி அடித்தால் தகடு நெளிந்து அடுத்த ரிவெட்டும் தளரும். சிறு சிறு அடிகளாக, சத்தம் மாறும் வரை அடியுங்கள். ரிவெட் இறுகியதும், அடி விழும் ஓசை கலகலப்பை விட்டுக் கெட்டியாவது காதுக்கே தெரியும். துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் மட்டும் பழையதைத் துளையிட்டு எடுத்துவிட்டு, ஓர் அளவு பெரிய அலுமினிய ரிவெட்டைப் போடுங்கள். உட்பக்கம் கை எட்டாத இடங்களுக்கு, ஒரு பக்கத்திலிருந்தே அடிக்கக்கூடிய பாப் ரிவெட் போடலாம். ஆனால் சாதாரணப் பாப் ரிவெட்டின் நடுத்துளை வழியே தண்ணீர் வரும் என்பதால், நீர்மட்டத்துக்குக் கீழே முனை மூடிய வகையைத்தான் பயன்படுத்த வேண்டும். புதிதாகப் போடும் ஒவ்வொரு ரிவெட்டையும் படகுகளுக்கான பாலியூரிதேன் பசையில், உதாரணமாக 3எம் நிறுவனத்தின் 5200 பசையில், தோய்த்துப் போடுங்கள். அந்தப் பசைக்குழாயைத் திறந்துவிட்டால் காற்றின் ஈரத்திலேயே அது கெட்டியாகத் தொடங்கும். ஆகவே துளைகள் அனைத்தையும் முதலில் தயார் செய்துவிட்டு, எல்லா ரிவெட்டுகளையும் ஒரே நாளில் அடித்து முடித்தால் இரண்டாவது குழாய் வாங்கும் செலவு மிச்சமாகும்.

இத்தனைக்கும் பிறகு மெல்லிய கசிவு எஞ்சினால், உட்பக்கத்து இணைப்புகளை மட்டும் நன்கு சுரண்டிச் சுத்தம் செய்து, படகுகளுக்கான நீர்காப்பு எபோக்சியை (கலந்ததும் கெட்டியாக இறுகும் பிசின்) பூசுங்கள். எபோக்சி குளிரில் சரியாக இறுகாது. எனவே வெப்பமூட்டாத கராஜில் ஜனவரியில் இதைச் செய்யாமல், வசந்தத்தில் நல்ல வெயில் வரும் வரை பொறுத்திருங்கள். நண்பர் சொன்ன சிலிக்கனை அருள்கூர்ந்து தவிர்த்துவிடுங்கள். அது உரிந்துவிடும் என்பது ஒருபுறமிருக்க, அது பட்ட இடத்தில் பிறகு எபோக்சியோ பெயின்டோ ஒட்டுவதே பெரும்பாடு. தார் ஒழுக்கை மறைக்குமே தவிரத் தளர்ந்த ரிவெட்டை இறுக்காது; அடுத்து யாராவது ஒழுங்காகச் செய்ய நினைத்தாலும் முதலில் அந்தத் தாரைத்தான் சுரண்ட வேண்டியிருக்கும்.

பின்பலகை அமுங்குகிறது என்றால் உள்ளே மரம் உளுத்துவிட்டது. அதன்மேல் எஞ்சினை மாட்டி ஓட்டவே கூடாது. மேல் விளிம்புத் தகட்டையும் மூலைத் தகடுகளையும் கழற்றிப் பலகையை உருவி எடுங்கள். எவ்வளவு உதிர்ந்திருந்தாலும் அதை எறிந்துவிடாமல் புதுப் பலகைக்கு அச்சாக வைத்து வரைந்துகொள்ளுங்கள். தடிப்பு பெரும்பாலும் ஒன்றரை அங்குலம் இருக்கும். முக்கால் அங்குல பிளைவுட் இரண்டை எபோக்சியால் ஒட்டினால் அந்தத் தடிப்பு வந்துவிடும். படகுகளுக்கென்றே செய்த மரீன் பிளைவுட் சிறந்ததுதான். ஆனால் சிக்கனம் கருதுபவர், நீர் தாங்கும் பசையால் செய்த வெளிப்புறப் பயன்பாட்டு பிளைவுட்டை வாங்கி, எல்லாப் பக்கங்களிலும், குறிப்பாக வெட்டிய ஓரங்களிலும் போல்ட் துளைகளின் உட்சுவரிலும், எபோக்சியைப் பல தடவை ஊறவிட்டுப் பூசினால் அதுவும் நெடுநாள் தாங்கும். தண்ணீர் உள்ளே நுழைவது ஓரங்கள் வழியேயும் துளைகள் வழியேயும்தான்.

இதில் ஓர் எச்சரிக்கை. உளுக்காது என்ற நம்பிக்கையில், வீட்டுத் தளங்களுக்கு விற்கும் மருந்தேற்றிய மரத்தைப் படகுக்கு வாங்கிவிடாதீர்கள். அந்த மருந்துகளில் செம்பு இருக்கிறது. ஈரத்தில் செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் ஒரு சிறு மின்கலம் உருவாகி, அலுமினியம்தான் கரையும். பலகை நன்றாக இருக்கத் தகட்டில் ஓட்டை விழும். இதே காரணத்தால் ஆணி, திருகு எதுவும் பித்தளையாகவோ சாதாரண இரும்பாகவோ இருக்கக் கூடாது. துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளைப் பசையில் தோய்த்துப் பொருத்துங்கள்.

பலரும் பாராமல் விடுவது இருக்கைகளுக்குள் இருக்கும் ஃபோம். படகு தண்ணீரால் நிரம்பினாலும் மூழ்காமல் மிதக்க வைப்பது அதுவே. பழைய ஃபோம் ஆண்டுக்கணக்கில் தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கும். ஒரு துண்டை வெட்டி அழுத்திப் பாருங்கள், தண்ணீர் சொட்டினால் முழுவதையும் மாற்ற வேண்டும். அந்த ஈரம் தொட்டுக்கொண்டிருந்த தகட்டில் வெள்ளைப் பொடியும் ஊசிமுனைக் குழிகளும் தெரியலாம். அவற்றைத் தேய்த்துச் சுத்தம் செய்து எபோக்சியால் நிரப்புங்கள். மாற்றாக, வீட்டுச் சுவர்களுக்கு வைக்கும் இளஞ்சிவப்பு அல்லது நீல நிற பாலிஸ்டைரீன் பலகைகளை அளவாக வெட்டி இறுக்கமாக அடுக்கலாம். ஒரு கன அடி ஃபோம் சுமார் 27 கிலோவைத் தண்ணீரில் தாங்கும் என்பதால், எடுத்த கன அளவு குறையாமல் திரும்ப வையுங்கள். பெட்ரோல் பட்டால் பாலிஸ்டைரீன் கரைந்துவிடும். எரிபொருள் தாங்கியின் அருகில் கவனம் தேவை. ஃபோமை எடுத்துவிட்டு அந்த இடத்தைச் சாமான் பெட்டியாக்கும் யோசனையை, யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம்.

இவையெல்லாம் முடிந்து பணமும் ஆசையும் மிஞ்சியிருந்தால் பெயின்ட் அடியுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். எனவே முகக்கவசம் அணிந்து, ஈரப்படுத்தியே தேய்க்க வேண்டும், பிள்ளைகள் அருகில் இருக்கக் கூடாது. பெயின்டை நீக்கக் காஸ்டிக் சோடா கலந்த கரைசலையோ இரும்புக் கம்பித் தூரிகையையோ பயன்படுத்தாதீர்கள். அந்தக் கரைசல் அலுமினியத்தையே தின்றுவிடும். தூரிகையின் இரும்புத் துகள்கள் தகட்டில் பதிந்து பின்னர் துருப்பிடிக்கும். தேய்த்த அன்றே, ஆக்சைடு தடிப்பதற்குள், அலுமினியத்துக்கான எட்சிங் பிரைமரை (தகட்டை லேசாக அரித்துப் பற்றிக்கொள்ளும் அடிப்பூச்சு) அடித்துவிட்டால்தான் மேல் பெயின்ட் உரியாமல் நிற்கும்.

கேள்வி: பைபர்கிளாஸ் படகு வைத்திருக்கும் உறவினர் ஒருவர், பாசி பிடிக்காமல் தடுக்கும் அடிப்பெயின்ட் அரை டின் தந்திருக்கிறார். எங்கள் அலுமினியப் படகின் அடியில் அதைப் பூசலாமா?
– வாசகி, பிராம்டன்

பதில்: வேண்டாம். அத்தகைய பெயின்டுகளில் பெரும்பாலானவை செம்பு ஆக்சைடு கலந்தவை. மேலே மருந்தேற்றிய மரத்துக்குச் சொன்ன கேடு இதற்கும் உண்டு. டிரெய்லரில் மாலையே வீடு திரும்பும் படகுக்கு அந்தப் பெயின்டின் தேவையும் இல்லை.

கேள்வி: எங்கள் படகின் அடித்தகட்டில், குறுக்குச் சட்டத்தை ஒட்டி விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு இருக்கிறது. என் கணவருக்கு இரும்பு வெல்டிங் தெரியும். அவரே ஒட்டிவிடலாமா?
– வாசகி, ஏஜாக்ஸ்

பதில்: இரும்பில் நல்ல கைப்பழக்கம் உள்ளவரும் மெல்லிய அலுமினியத் தகட்டில் தடுமாறுவார். அலுமினியம் 660 பாகை செல்சியஸில் உருகிவிடும். அதன்மேல் உள்ள ஆக்சைடுப் படலமோ 2,000 பாகையைத் தாண்டித்தான் உருகும். அதனால் மேலே எதுவும் நடக்காதது போலிருக்கையில் அடியில் தகடு ஓட்டையாகிவிடும். வெப்பம் பக்கத்து ரிவெட்டுகளையும் தளர்த்தும். இதற்கு வீட்டிலேயே செய்யக்கூடிய நல்ல வழி உண்டு. வெடிப்பின் இரு நுனிகளிலும் சுமார் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று இடுங்கள். வெடிப்பு மேலும் ஓடாமல் அங்கே நிற்கும். பிறகு படகுத் தகடுகளுக்கு வழக்கமாகப் பயன்படும் 5052 வகை அலுமினியத்தில், வெடிப்பைத் தாராளமாக மூடும் ஒரு துண்டை மூலைகளை உருட்டி வெட்டி, அடியில் பசை பூசி, சுற்றிலும் நெருக்கமாக ரிவெட் அடியுங்கள். குறுக்குச் சட்டம் தளர்ந்திருந்ததால்தான் அந்த இடம் வெடித்திருக்கும். சட்டத்தின் ரிவெட்டுகளையும் அப்போதே இறுக்காவிட்டால், ஒட்டுக்கு அருகில் இன்னொரு வெடிப்பு வரும்.

கேள்வி: பழைய படகை வாங்கும்போது என்ன பத்திரங்கள் கேட்க வேண்டும்?
– வாசகர், ஒஷாவா

பதில்: விற்பவர் கையெழுத்திட்ட விற்பனைச் சீட்டு கட்டாயம் வேண்டும். கனடாவில், 1981 ஆகஸ்ட் 1க்குப் பின் செய்யப்பட்ட படகானால் உடலில் தொடரெண் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். சீட்டில் உள்ள எண்ணும் அதுவும் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். எஞ்சின் 10 குதிரைத்திறனோ அதற்கு மேலோ இருந்தால் படகுக்கு உரிமம் தேவை. பழைய உரிமம் இருந்தால் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். எஞ்சின் எவ்வளவு சிறியதாக இருந்தாலும், ஓட்டுபவரிடம் படகு ஓட்டும் தகுதிக்கான சான்று இருக்க வேண்டும், படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும் அளவான மிதவை அங்கியும் இருக்க வேண்டும்.