துருக்கிய மொழியின் வேற்றுமை உருபுகளும் உடைமை விகுதிகளும் தமிழருக்கு எளிதா?

துருக்கிய மொழியில் பெயர்ச்சொல் வேற்றுமையையும் உடைமை விகுதியையும் எவ்வாறு ஏற்கிறது, தமிழ் அறிந்தவருக்கு அது எளிதாக இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேற்றுமை எளிது; உடைமை விகுதிதான் நெடுநாள் இடறும். அம்மொழியை மூன்றாண்டுகளாகக் கற்றுவருபவனின் அனுபவம் இது.

'எவ்' என்றால் வீடு. 'எவெ' வீட்டுக்கு, 'எவ்தெ' வீட்டில், 'எவ்தென்' வீட்டிலிருந்து, 'எவின்' வீட்டின். கடைசி உருபு நம் 'இன்' போலவே ஒலிப்பதை வைத்து மொழியுறவு பேசத் தொடங்கிவிட வேண்டாம், அது தற்செயல். இரண்டாம் வேற்றுமையோ மெய்யாகவே நம்முடையதைப் போல நடக்கிறது. 'கிதாப் ஒகுதும்' என்றால் புத்தகம் படித்தேன். 'கிதாபு ஒகுதும்' என்றால் குறிப்பிட்ட புத்தகத்தைப் படித்தேன். (இங்கே இறுதியில் வரும் உயிர் நம் குற்றியலுகரத்துக்கு மிக நெருங்கியது. தமிழ் முஸ்லிம்கள் சொல்லும் 'கிதாபு' ஒரு துருக்கியர் காதில் இரண்டாம் வேற்றுமையாகவே விழக்கூடும்.)

தமிழில் 'என்' முன்னால் நின்றுவிடும், 'வீடு' மாறாது. துருக்கியத்தில் உடைமைப் பொருளே விகுதி ஏற்கும்: 'எவிம்' என் வீடு, 'எவின்' உன் வீடு, 'எவி' அவர் வீடு. வேற்றுமை உருபு அதற்குப் பின்னரே வரும் என்பதால் 'எவிம்தெ' என் வீட்டில். பன்மை விகுதி இரண்டுக்கும் முந்திக்கொள்வதால் 'எவ்லெரிம்தெ' என் வீடுகளில். உடையவரின் பெயரைச் சொன்னாலும் விகுதி விலகாது. 'அலியின் வீடு' என்பதைப் பல மாதங்கள் 'அலினின் எவ்' என்றே எழுதித் திருத்தம் வாங்கினேன். 'அலினின் எவி' என்பதே சரி. லிரா நோட்டில் அச்சாகும் மத்திய வங்கியின் பெயரே 'மெர்கெஸ் பன்காசு' என்றுதான் முடிகிறது. 'பன்கா' என்ற சொல் படர்க்கை விகுதி ஏற்றிருக்கிறது. உயிரோடு உயிர் சேராதிருக்க இடையில் ஒரு சகரம் நுழைந்திருக்கிறது.

படர்க்கை விகுதிக்குப் பின் வேற்றுமை உருபு வந்தால் நடுவில் ஒரு னகரம் தோன்றும்: எவி + தெ = எவின்தெ. 'அது' என்பது 'அதனை' ஆகும்போது நம் சாரியை வருவதை நினைத்துக்கொண்டால் இது மறக்காது. 'அது' எனப் பொருள்படும் 'ஒ' என்ற சொல்லும் அங்கே 'ஒனு' என்றே இரண்டாம் வேற்றுமை ஏற்கிறது. ஆனால் 'எவின்' உன் வீடு அல்லவா? அதனோடு 'தெ' சேர்ந்தாலும் 'எவின்தெ'தான். ஆகவே 'அனஹ்தார் எவின்தெ' என்று மட்டும் சொன்னால், சாவி உன் வீட்டில் இருக்கிறதா அவர் வீட்டில் இருக்கிறதா என்று தெரியாது. குழப்பம் வரும் இடங்களில் 'செனின்' (உன்) அல்லது 'ஒனுன்' (அவருடைய) என்பதை முன்னால் சேர்த்துக்கொள்கிறார்கள்.