ஒரு ஃப்ரேம், இரண்டு ஜோடி சக்கரம் (வாசகர் கடிதமும் பதிலும்)

வணக்கம்.

அல்சூரில் இருக்கிறேன். வாரநாட்களில் ஒயிட்ஃபீல்டு அலுவலகத்துக்குச் சைக்கிள்தான். ஞாயிறு என்றால் நந்தி மலை, இல்லாவிட்டால் ஹெசரகட்டா பக்கம் மண் பாதை. வருஷத்துக்கு இரண்டு முறை 200 கி.மீ. பிரவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம்). ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகத் தருமபுரிக்குப் பை கட்டிக்கொண்டு ஊர் போகவும் ஆசை.

எல்லா வேலைக்கும் ஏற்றது என்று புதிதாக ஒரு ஸ்டீல் ஃப்ரேம் வந்திருக்கிறதே, அதைப் பற்றித்தான் எங்கள் குழுவில் பேச்சு. "2.35 கிலோவா, இரும்புக் குண்டு" என்கிறார் ஒருவர். "கேபிள் வெளியே ஓடுது, பழைய பாணி" என்கிறார் இன்னொருவர். "எல்லாத்தையும் செய்யும்னா எதையும் உருப்படியா செய்யாது" என்பது மூன்றாமவர் கருத்து. வாங்கலாமா? என்னிடம் இருப்பது ரிம் பிரேக் ரோடு பைக், ஷிமானோ சோரா 9 ஸ்பீடு கியர், 50/34 கிராங்க் (முன்னால் 50, 34 பல் செயின்ரிங்). அந்தப் பாகங்களை மாற்றிப் போட்டுவிடலாமா? உயரம் 168 செ.மீ. ஃப்ரேம் அளவில் 52, 54 எது சரி? அளவு அட்டவணையை இணைத்திருக்கிறேன்.

கதிர், பெங்களூரு

அன்புள்ள கதிர்,

வாங்கலாம். ஆனால் உங்கள் குழு சண்டை போடும் விஷயங்களை வைத்து முடிவெடுக்காதீர்கள். கனமும் கேபிளும் கண்ணுக்குத் தெரிகின்றன, அதனால் பேச்சு அங்கேயே சுற்றுகிறது. ஃப்ரேம் எத்தனை வேலைக்கு உதவும் என்பது அட்டவணையின் கீழ்ப்பாதியில், யாரும் வாசிக்காத வரிகளில் இருக்கிறது.

கனத்தை முதலில் முடித்துவிடுவோம். இதே வகை அலுமினிய ஃப்ரேம் 1.6 கிலோ என்று வையுங்கள். வித்தியாசம் 750 கிராம். ஆளும் வண்டியும் தண்ணீரும் சேர்த்து 83 கிலோ என்றால் அது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. 40 நிமிஷத்தில் ஏறும் மேட்டில் சுமார் 20 விநாடி போகும். அவ்வளவுதான். கேபிள் வெளியே ஓடுவது உங்களுக்கு லாபம். ஹெட்செட் (ஃபோர்க் திரும்பும் பேரிங்குகள்) வழியாக எல்லாம் உள்ளே போகும் ஃப்ரேமில், மேல் பேரிங் ஒன்றை மாற்ற ஹைட்ராலிக் பிரேக் ஹோஸையே கழற்ற வேண்டி வரும். மழைக்காலத்தில் தினமும் ஓடும் வண்டிக்கு அந்தத் தலைவலி எதற்கு?

மூன்றாமவர் சொன்னதற்குத்தான் நின்று பதில் சொல்ல வேண்டும். அட்டவணையில் 700×45 அல்லது 650பி×50 டயர் போகும் என்றிருக்கிறது (700 பெரிய சக்கரம், 650பி சற்றுச் சிறியது; இரண்டாவது எண் டயர் அகலம், மி.மீ.). பிபி (கிராங்க் சுழலும் பாட்டம் பிராக்கெட்) டிராப், அதாவது சக்கர அச்சுக்குக் கீழே பிபி இறங்கும் அளவு, 72 மி.மீ. சக்கரத்தை மாற்றினால் வண்டி எவ்வளவு இறங்கும் என்று கணக்குப் போடுவோம். 700 ரிம்மில் டயர் விளிம்பு உட்காரும் இடத்தின் (பீட்) விட்டம் 622 மி.மீ. 38 மி.மீ. டயரோடு ஆரம் 349. அதில் 72 கழித்தால் பிபி தரையிலிருந்து 277 மி.மீ. 650பி ரிம்மின் விட்டம் 584. 47 டயரோடு ஆரம் 339. பிபி உயரம் 267. ஒரு சென்டிமீட்டர் இறக்கம். வளைவில் பெடல் மிதித்துக்கொண்டே சாய்ந்தாலோ, நம்மூர் ஹம்ப்பின் மேல் பெடல் கீழே இருந்தாலோ, அந்த ஒரு சென்டிமீட்டர் உறைக்கும். 170 மி.மீ. கிராங்குக்குப் பதில் 165 போட்டால் பாதி திரும்பி வரும். ஆரம் குறைவதால் ட்ரெயிலும் (ஹேண்டில்பாரை நேராக நிற்க வைக்கும் முன்சக்கர அளவு) ஏறக்குறைய 3 மி.மீ. குறைகிறது. ஹேண்டில்பார் கொஞ்சம் லேசாகும், பழகிவிடும். டிராப்பை 80 வைத்திருந்தால் 650பி சக்கரத்தில் பெடல் இடித்துக்கொண்டே இருக்கும். 65 வைத்திருந்தால் 700 சக்கரத்தில் உயரத்தில் உட்கார்ந்த உணர்வு வரும். 72 இரண்டுக்கும் தோதான இடம். இதை வடிவமைத்தவர் இரண்டு சக்கரத்தையும் மனதில் வைத்தே எண்ணைத் தேர்ந்திருக்கிறார் என்பது என் எண்ணம்.

45 என்ற எண்ணை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். ஐஎஸ்ஓ 4210 தரப்படி டயருக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே 6 மி.மீ. இடைவெளி வேண்டும். அகலமான ரிம்மில் 45 என்று அச்சிட்ட டயர் 46, 47 வரை விரியும். மட்கார்டு போட்டால் அந்த இடைவெளியை அது தின்றுவிடும். மழை பெய்த மறுநாள் ஹெசரகட்டா களிமண் மிச்சத்தையும் அடைத்துவிடும். உங்களுக்குச் சரியானது 700×38, முழு மட்கார்டோடு. 70 கிலோ ஆளுக்கு முன்னால் 40, பின்னால் 45 பிஎஸ்ஐயில் தொடங்குங்கள். அலுவலகம், பிரவே, ஊர்ப் பயணம் மூன்றும் இதிலேயே ஓடும். மட்கார்டு இல்லாமல் மண் பாதைக்கு மட்டும் 650பி×47, 30 பிஎஸ்ஐ பக்கம்.

இரண்டாவது ஜோடி சக்கரம் வாங்கும்போது பலர் தவறவிடுவது ஹப். இரண்டு ஜோடியிலும் ஒரே ஹப் போடுங்கள். வெவ்வேறு ஹப்பில் ரோட்டார் (டிஸ்க் பிரேக்கின் தட்டு) நிற்கும் இடம் அரை மில்லிமீட்டர் மாறினாலே, சக்கரம் மாற்றும் ஒவ்வொரு முறையும் பிரேக் உரசும், தட்டைப் பிடிக்கும் காலிப்பரைத் தளர்த்தித் திரும்ப நடுவில் வைக்க வேண்டும். ஒரே ஹப்பிலும் சின்ன வேறுபாடு இருந்தால் ரோட்டாருக்கு அடியில் 0.2 மி.மீ. ஷிம் (மெல்லிய வளையம்) வைத்துச் சமன் செய்யலாம். கேசட்டும் (பின் பல்சக்கரத் தொகுதி) இரண்டு வாங்குங்கள். ஒன்று தேய்ந்தும் ஒன்று புதிதாகவும் இருந்தால் ஒரே செயின் புதியதில் குதிக்கும்.

இனி உங்கள் பழைய பாகங்கள். சக்கரம் வராது: உங்களுடையது 130 மி.மீ. கியுஆர் (லீவரால் இறுக்கும் மெல்லிய அச்சு), இது 142×12 த்ரூ ஆக்ஸில் (ஃப்ரேமில் மரையிட்டு ஏறும் தடித்த அச்சு). ரிம் பிரேக் காலிப்பரும் வராது. சோரா ஷிஃப்டர் (பிரேக் லீவரும் கியர் மாற்றியும் சேர்ந்தது) வரும். அதோடு மெக்கானிக்கல் டிஸ்க் காலிப்பர் வாங்கும்போது ரோடு லீவருக்கான மாடல்தானா, ஃப்ளாட் மவுண்ட்தானா (இந்த ஃப்ரேமில் நேரடியாகப் பதியும் வகை) என்று இரண்டையும் பாருங்கள். எம்டிபி (மலை சைக்கிள்) மாடல் அதிகக் கேபிள் இழுப்பு கேட்கும். ரோடு லீவர் ஹேண்டில்பாரைத் தொடும்வரை அழுத்தினாலும் பிரேக் பிடிக்காது. சுருங்காத வகை பிரேக் ஹவுசிங் (கேபிளின் வெளி உறை) போடுங்கள், பிடிப்பு நன்றாகவே தெரியும். பின் காலிப்பருக்கான போல்ட் நீளம் செயின்ஸ்டேயின் (பிபியிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் குழாய்) தடிமனைப் பொறுத்தது, அதை ஃப்ரேம் விற்பவரிடமே கேட்டு வாங்குங்கள்.

கிராங்க்தான் சிக்கல். பிபி 68 மி.மீ. மரை வகை என்பதால் உங்கள் கிராங்க் உள்ளே போகும். ஆனால் அட்டவணையில் இரட்டைச் செயின்ரிங்குக்கு உச்சம் 46/30 என்று ஒரு வரி இருக்கிறது. அகல டயருக்கு இடம்விடச் செயின்ஸ்டேயை வளைத்திருக்கிறார்கள், 50 பல் அதில் உரசும். விற்றுவிட்டு 46/30 எடுங்கள். 46-11 கியரில், 700×38 சக்கரத்தில், 90 ஆர்பிஎம் சுற்றினால் மணிக்கு 49 கி.மீ. வருகிறது. தருமபுரி சாலையில் பையோடு அதற்கு மேல் எப்போது தேவைப்படும்? பின்னால் 34 பல் இருந்தால் கீழ் கியர் 1.0 இலிருந்து 0.88 ஆகிறது, நந்தியின் கடைசி வளைவுகளில் முழங்கால் நன்றி சொல்லும். உங்கள் முன் டெரெய்லரின் (செயினை ரிங் மாற்றும் பாகம்) கூண்டு 50 பல்லின் வளைவுக்கு வார்த்தது. 46க்கு இறக்கி வைத்தால் வேலை செய்யும், மாற்றம் சற்று மந்தமாக இருக்கும். அதை ஃப்ரேம் குழாயில் பிடிக்கும் பட்டை 28.6 மி.மீ. தானா என்றும் அளந்துகொள்ளுங்கள்.

கோர்க்கும் முன் கடையில் மூன்று காரியம் கேளுங்கள். பிபி மரையில் பெயின்ட் இருந்தால் டேப் (மரை வெட்டும் கருவி) விட்டுச் சுத்தம் செய்யட்டும், பிபி குழாயின் விளிம்பு முகத்தையும் சமன் செய்யட்டும். பெயின்ட்டோடு இறுக்கினால் பிபி கப் (பேரிங் இருக்கும் மரைக் கிண்ணம்) கோணலாக ஏறி பேரிங் சீக்கிரம் போகும். வலது கப் எதிர் மரை, இடஞ்சுழியாக இறுக்க வேண்டும். 35 முதல் 50 நியூட்டன் மீட்டர். ஃப்ரேம் குழாய்களுக்குள் கேவிட்டி வேக்ஸ் (துரு தடுக்கும் மெழுகு) அடித்து, திருப்பித் திருப்பிப் போட்டு ஒருநாள் காய விடட்டும். பிபி அடியிலுள்ள வடிகால் துளை அடைபடக் கூடாது. சீட்போஸ்டுக்குத் தாராளமாகக் கிரீஸ். அலுமினியப் போஸ்ட் ஸ்டீல் குழாயில் மழைநீரோடு கிடந்தால் ஒட்டிக்கொள்ளும், பிறகு வாளால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைத்துப் போடுங்கள்.

ஃப்ரேம் வாங்கும் அன்றே டெரெய்லர் ஹேங்கர் (பின் டெரெய்லரைத் தாங்கும் சிறு துண்டு) இரண்டும், பின் ஆக்ஸில் ஒன்றும் உபரியாக வாங்குங்கள். இந்த ஃப்ரேமின் ஹேங்கர் யுடிஎச் (பல ஃப்ரேமுக்கும் பொதுவான வடிவம்) இல்லை, அதன் சொந்த வடிவம். பஸ்ஸில் ஏற்றும்போது வளைந்தால் எந்தக் கடையிலும் கிடைக்காது. த்ரூ ஆக்ஸிலிலும் மரை இடைவெளி 1.0, 1.5, 1.75 என்று மாறும், பார்வைக்கு ஒன்றுபோல இருப்பது ஏறாது. இந்த ஃப்ரேமில் எனக்கு உண்மையான குறை இது ஒன்றுதான். எல்லா வேலைக்கும் என்று சொல்லி விற்பவர்கள் பொதுவான ஹேங்கரைப் போட்டிருக்க வேண்டும்.

அளவு 52. உங்கள் இப்போதைய பைக்கின் ரீச் (பிபியிலிருந்து ஃப்ரேமின் முன்குழாய் உச்சிவரை கிடைத்தூரம்) எவ்வளவு என்று எழுதவில்லை, அதைத் தயாரிப்பாளர் தளத்தில் பாருங்கள். 52இல் ஸ்டாக் (அதே உச்சி பிபியிலிருந்து எவ்வளவு உயரம்) 560, ரீச் 375 மி.மீ. 54இல் 578, 383. 168 செ.மீ. உயரத்துக்கு 54 எடுத்தால் 70 மி.மீ. ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் கட்டை) வரை குறைக்க வேண்டி வரலாம். 52இல் 80 அல்லது 90 ஸ்டெம் வசதியாக உட்காரும். ஒன்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்: 52இல் ஃப்ரண்ட் சென்டர் (பிபியிலிருந்து முன்சக்கர அச்சுவரை தூரம்) 590 என்றிருக்கிறது. 170 கிராங்கும் 349 ஆரமும் கழித்தால் பெடல் அச்சுக்கும் டயருக்கும் ஏறக்குறைய 70 மி.மீ. தான் மிச்சம். ஷூ நுனி அதைவிட நீளும், மட்கார்டு இன்னும் கொஞ்சத்தை எடுக்கும். ஓட்டத்தில் பிரச்சினை இல்லை, நெரிசலில் மெதுவாக யூ-டர்ன் போடும்போது தட்டும். அப்போது உள்பக்கப் பெடலை மேலே நிறுத்தி, மிதிக்காமல் திரும்புங்கள்.