அழகான ஆப்பா, வேலைக்கு ஆகும் ஆப்பா?

கேள்வி: கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்த்துக் கொடுக்கிறேன். யாருக்கு எந்தத் தேதியில் என்ன தாக்கல் செய்ய வேண்டும் என்று ஐபேடில் குறித்துவைக்க ஒரு ஆப் வேண்டும். திங்ஸ் 3 பார்க்க அவ்வளவு அழகாக இருக்கிறது. நண்பரோ ஆம்னிஃபோகஸில்தான் வசதி அதிகம் என்கிறார். என் உதவியாளரிடம் ஆண்ட்ராய்டு போன்தான் இருக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். காரணம், நீங்கள் கடைசியாகச் சொன்ன அந்த ஆண்ட்ராய்டு போன்.

திங்ஸ் 3 அழகுக்காக மட்டும் பேர் வாங்கிய ஆப் அல்ல. 2017இல் ஆப்பிளின் வடிவமைப்பு விருது பெற்றது. அதிலுள்ள கூட்டல் குறி பொத்தானை விரலால் இழுத்துப் பட்டியலில் எந்த இடத்தில் விடுகிறீர்களோ, அங்கேயே புது வேலை உட்காரும். வேலையைத் தொடங்கும் நாளும் கெடுவும் தனித்தனி. வரி கட்டுவதற்கான மாதச் சுருக்கத் தாக்கலான ஜிஎஸ்டிஆர்-3பி-க்கு 20ஆம் தேதி கெடு என்றால், 12ஆம் தேதி வரை அது இன்றைய பட்டியலில் தலைகாட்டாமல் இருக்கச் செய்யலாம். கண்ணுக்குக் கிடைக்கும் இந்த நிம்மதியும் ஒரு வசதிதான். நெரிசலான பட்டியலில் கெடு கண்ணில் படாமல் போனால் வாடிக்கையாளருக்குத் தாமதக் கட்டணம் விழும்.

ஆனால் திங்ஸ் பட்டியலை இன்னொருவரோடு பகிர முடியாது. ஆண்ட்ராய்டில் அது கிடையாது, கோப்பு இணைக்கவும் வழியில்லை. ஐபோனுக்கும் ஐபேடுக்கும் தனித்தனியே வாங்க வேண்டும்; ஐபேடுக்கு அமெரிக்க விலை 19.99 டாலர். ஐபேடில் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கும் வாய்ப்பும் இல்லை, மேக்கில்தான் உண்டு. ஆம்னிஃபோகஸில் வசதிகள் ஏராளம். துணை வேலைக்குக்கூடத் தனித் தேதி போடலாம். பழகத்தான் நாளாகும். அதுவும் ஒருவர் தனியாகப் பயன்படுத்துவதற்கானது.

மைக்ரோசாஃப்ட் டூ டூ-வைப் போட்டுப் பாருங்கள். இலவசம். ஐபேடிலும் ஆண்ட்ராய்டிலும் ஓடும், பட்டியலைப் பகிர்ந்து வேலையை உதவியாளர் பெயரில் ஒதுக்கலாம். திங்ஸின் நேர்த்தி இதில் இல்லை. உள்படிகளுக்குத் தனித் தேதியும் போட முடியாது. அதனால் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரத் தாக்கல்), 3பி இரண்டையும் ஒரே வேலைக்குள் படிகளாக எழுதாதீர்கள். தனித்தனி வேலையாக்கி, முதலாவதற்கு 11, இரண்டாவதற்கு 20 என்று கெடு வைத்து, மாதந்தோறும் திரும்ப வரும்படி அமையுங்கள். பில் கேட்டு வாங்குவதற்கான நினைவூட்டலை முதல் கெடுவான 11ஆம் தேதிக்குச் சில நாள் முன்பே வைக்கலாம். காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்பவர்களை வேறு பட்டியலில் வையுங்கள், தேதிகள் மாறும்.

முதலில் ஒரே ஒரு கடையின் கணக்கை மட்டும் ஒரு மாதம் இப்படி ஓட்டிப் பாருங்கள். உதவியாளர் தன் போனில் ஒரு வேலையை முடித்ததாகத் தொட்டதும் உங்கள் ஐபேடில் அது மாறுகிறதா, அடுத்த மாத வேலை சரியான தேதியில் தானாக வந்து நிற்கிறதா என்று கவனியுங்கள். சரியாக வந்தால் மற்ற கடைகளையும் ஏற்றிவிடலாம். திங்ஸ் மீது ஆசை விடவில்லையா? வீட்டு வேலைகளுக்கும் சொந்தக் காரியங்களுக்கும் தாராளமாக வாங்குங்கள், அங்கே யாரோடும் பகிர வேண்டியதில்லையே.