கொடைக்கானல்ல இருந்து ஆலப்புழை ஹவுஸ்போட் போலாமா, இல்ல நம்ம ஏரி போட்டிங் மாதிரியேதான் இருக்குமா?

ரெண்டும் வேறங்க. நம்ம ஏரி 1863ல ஓடைய மறிச்சு கட்டுனது, கொஞ்ச நேரம் பெடல் மிதிச்சா முடிஞ்சுது. அங்க ஹவுஸ்போட்ட கெட்டுவள்ளம்னு சொல்வாங்க, அது முன்னாடி நெல்லு மூட்டை ஏத்துன படகு, ஆஞ்சிலிங்கற மரத்து பலகைய ஆணியே அடிக்காம கயித்துல இழுத்து கட்டுவாங்க, ரோடும் லாரியும் வந்து சரக்கு வேலை போனப்புறம் கூரை போட்டு பெட்ரூம் கிச்சன்லாம் வெச்சுட்டாங்க. ஆலப்புழைய ஒட்டி இருக்கற குட்டநாட்டுல நிறைய வயல் கடல் மட்டத்துக்கும் கீழ, படகுல உக்காந்து பாத்தா தண்ணிய விட தாழ்வா நெல்லு நிக்கும், அதுக்காகவே போலாம்.

ஆனா ராத்திரி ஓடாது, மீன்காரங்க வலை போடற நேரம்னு சாயங்காலம் அஞ்சரை வாக்குல கரையில கட்டிடுவாங்க. நிறைய படகுல ஏசி ராத்திரி மட்டும்தான், மலைக் குளிருக்கு பழகுன நமக்கு அந்த புழுக்கம் தாங்காது, டிசம்பர் ஜனவரில போங்க (கிறிஸ்துமஸ் வாரம் ரேட் எகிறும்), ஏசி நேரத்த புக் பண்றப்பவே கேட்டுக்கங்க. பட்ஜெட் இடிச்சா ஆலப்புழை டு கோட்டயம் அரசு படகு இருக்கு, ரெண்டரை மணி நேரம், அதே காயல் (கடலோர உப்பங்கழி) தான், டிக்கெட் ரொம்ப கம்மி.